பூட்டிய ஷீட்டும் மஞ்சள் பொத்தானும்

எனக்கு முதன்முதலாக ஒரு வேலை கிடைத்தபோது என் மகள் பி.யூ.சி. சேர்ந்துவிட்டாள். அவள் காலேஜுக்கும் வீட்டுக்காரர் பீன்யா ஃபேக்டரிக்கும் கிளம்பிப் போனபின் பெங்களூர் ஜோகுபாளையத்து வீட்டில் நானும் குக்கரும் மட்டும்தான். கல்யாணத்துக்கு முன் ஆம்பூரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அந்தச் சான்றிதழ் இத்தனை வருஷம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. எங்கள் தெருமுனையில் இருந்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டர் சென்டராக மாறியபோது, சும்மா இருப்பானேன் என்று போய்ச் சேர்ந்தேன். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

எதிர்வீட்டு அண்ணன் ஒரு கால் சென்டரில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் போன் செய்து சண்டை போட, நம் ஊர்ப் பிள்ளைகள் பொறுமையாகப் பதில் சொல்லும் கம்பெனி. அந்தப் பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் நூற்றுக்கணக்கான வண்டிகள். "டிரான்ஸ்போர்ட் டெஸ்க்ல ஆள் கேக்கறாங்கம்மா. டைப் அடிக்கத் தெரிஞ்சா போதுமாம். நீ வா, நான் சொல்றேன்" என்றார். போனேன். அட்மின் மேனேஜர் என்னை ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொன்னார். கீபோர்டைப் பார்க்காமல் அடித்தேன். அவர் என் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துடி" என்றார். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் கடைசியில் கன்னடம் ஒட்டிக்கொண்டு வரும், அந்த 'டி' அவர்களுக்கு மரியாதை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, அப்படியே நின்றுவிட்டார்.

"நெஜமாவா? சம்பளம்லாம் குடுப்பாங்களா?"

"பின்ன, சும்மாவா கூப்புடுவாங்க?"

"அப்போ இனிமே நீயும் லஞ்ச் பாக்ஸ் கட்டணும்" என்றார். மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்திருப்பதற்குள் எனக்கென்று புதிதாக ஒரு டிபன் பாக்ஸைக் கழுவி மேடைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். எப்போது வாங்கினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

என் மேஜைக்குப் பக்கத்தில் சேலத்துப் பெண் ஒருத்தி. ஈஜிபுராவில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். ஆபீசில் எல்லோரும் என்னை ஆன்ட்டி என்று அழைத்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டபோது, அவள் மட்டும் முதல் நாளிலிருந்தே அக்கா என்றாள். அதற்காகவே அவளுக்குத் தினமும் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாகக் கொண்டுபோனேன்.

எங்கள் இருவருக்கும் இருந்த வேலை ஷிப்டுக்கு ஒரு எக்செல் ஷீட். யாரை, எந்த ஏரியாவில், எத்தனை மணிக்கு, எந்த வண்டி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கும். கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம். மற்ற எல்லாக் கட்டத்தையும் மேனேஜர் நிரப்பிப் பூட்டியிருப்பார். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒருமுறை பெயர்களை மட்டும் ஏ, பி, சி வரிசையில் அடுக்கியிருக்கிறார். பெயர்கள் நகர்ந்தன, ஏரியாவும் நேரமும் நகரவில்லை. மறுநாள் காலையில் பாதி வண்டிகள் சம்பந்தமே இல்லாத வீட்டு வாசல்களில் நின்று ஹாரன் அடித்திருக்கின்றன. அன்றைக்குப் போட்ட பூட்டு அது. பாஸ்வேர்ட் மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும். ரிமார்க்ஸ் கட்டத்தில் மட்டும் நாங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். வேப்பமரத்துக்கு எதிரில் நிற்பார், மாடியிலிருந்து இறங்க நேரமாகும், நாய் கடிக்கும், இப்படி.

எனக்கு வேகம் உண்டு, விரலில் தடுமாற்றம் கிடையாது. ஆனால் நான் வேகமாக அடித்த இங்கிலீஷ் ஆம்பூர் முனிசிபல் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். டைப்ரைட்டிங் பரீட்சையில் பார்த்து அடிக்கக் கொடுப்பார்கள், மனதிலிருந்து எழுதச் சொல்ல மாட்டார்கள். இதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. அந்த ஷீட்டின் ஒரு பிரதி தினமும் வெளிநாட்டுக்குப் போகிறது என்பதும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் மேனேஜர் பிரிண்ட் எடுத்த காகிதத்தோடு வந்து என் மேஜைமேல் விரித்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம்.

"ஏனம்மா இது? வெஹிக்கிள்ல எங்கேருந்து 'கே' வந்தது? டுமாரோல எத்தனை 'எம்' போட்டிருக்கீங்க நோடி, பாருங்க. நாளைக்கே இன்னொரு நாள் சேர்ந்து வர்ற மாதிரி இருக்கு."

சேலத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் எதையோ தேடினாள்.

"சாரி சார்."

"சாரி எல்லாம் பேடா, வேண்டாம். எஃப் செவன் அமுக்குங்க. கம்ப்யூட்டரே தப்பைக் காட்டும், அதுவே திருத்தும்."

அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் போனதும் ஆசையாக எஃப் செவனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். அவளும் வந்து அமுக்கினாள். மெனுவைத் திறந்து பார்த்தால் 'ஸ்பெல்லிங்' என்ற வார்த்தை மட்டும் சாம்பல் பூசினாற்போல் மங்கிக் கிடந்தது. சிஸ்டம்ஸ் ஆளைக் கூப்பிட்டோம். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டீ கப்புமாக எப்போதும் நின்றபடியே பேசுவார்.

"ஷீட் ப்ரொடெக்ட் பண்ணியிருக்கு மேடம். பூட்டு போட்டா ஸ்பெல்செக் வராது. ஒண்ணு பூட்டு, இல்ல ஸ்பெல்லிங். ரெண்டும் கெடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் யோசித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, ரொம்பத் தயங்கி, பாஸ்வேர்டைச் சொன்னார். அது அவர் வீட்டு நாய்க்குட்டியின் பெயர். சொல்லும்போது அவருடைய காது சிவந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அதன்பின் தினமும் இதுதான் பாடு. மெனுவுக்குப் போய்ப் பூட்டைத் திற, நாய்க்குட்டி பெயரை அடி, எஃப் செவனை அமுக்கு, தப்பைத் திருத்து, மறுபடி மெனு, மறுபடி பூட்டு, நாய்க்குட்டி பெயரை ஒருமுறை, சரிதானா என்று கேட்டால் இன்னொரு முறை. ஒரு நாளைக்கு எத்தனை ஷிப்ட் உண்டோ அத்தனை ஷீட். அந்த வேகத்தில் ஒருநாள் நான் பூட்ட மறந்துவிட, சேலத்துப் பெண் துப்பட்டாவால் கீபோர்டைத் துடைத்துவிட்டாள். ஒரு முழு ரூட்டும் வெற்றிடமானது. இருவரும் பதறிப் பழைய பிரிண்டைப் பார்த்து அடித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது.

"அக்கா, இந்தப் பூட்டு நம்மளக் கொன்னுடும்" என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேடுவதற்கு எதுவுமில்லை, சும்மாதான். 'மேக்ரோ' என்று ஒன்று இருந்தது. அதற்குள் 'ரெக்கார்ட்' என்று இருந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் உண்டு. ரேடியோவில் பாட்டு வரும்போது சிவப்புப் பட்டனை அமுக்கினால் பதியும், பிறகு எப்போது கேட்டாலும் பாடும். இதுவும் அதே மாதிரி நாம் செய்வதைப் பதிந்துகொள்ளுமோ?

ரெக்கார்டை அமுக்கினேன். பூட்டைத் திறந்தேன், ஸ்பெல்லிங் பார்த்தேன், பூட்டினேன். ரெக்கார்டை நிறுத்தினேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ரன்' கொடுத்தேன்.

"ஏய், இங்க பாரேன், இங்க பாரேன்!" நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த போனையே வைத்துவிட்டாள். நான் எதையும் தொடவில்லை, ஷீட் தானாகவே பாஸ்வேர்ட் கேட்டது. அடித்துக் கொடுத்ததும் ஸ்பெல்லிங் பெட்டி வந்தது, முடிந்ததும் அதுவே பூட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. அது போட்ட பூட்டுக்குப் பாஸ்வேர்டே இல்லை, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். சிஸ்டம்ஸ் ஆளை மறுபடி கூப்பிட்டோம். இந்தமுறை அவர் டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யார் மேடம் இது பண்ணது?"

"நான்தான்."

"இது பாஸ்வேர்டைப் பதியாது மேடம். உள்ள போய் எழுதணும். இருங்க" என்று இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினார். வேறொரு ஜன்னல் திறந்தது. அதில் நான் செய்ததெல்லாம் வரிவரியாக எழுதியிருந்தது. திற, பார், பூட்டு. இங்கிலீஷில்தான், ஆனால் எனக்குப் புரிந்தது! என் கை செய்த காரியத்தை யாரோ சாட்சி சொல்வதுபோல எழுதி வைத்திருந்தார்கள். 'திற' என்ற வரியின் பக்கத்திலும் 'பூட்டு' என்ற வரியின் பக்கத்திலும் மேற்கோள் குறிக்குள் நாய்க்குட்டியின் பெயரை அவர் கண்ணை மூடிக்கொள்ள நானே அடித்தேன்.

"இதுக்கு ஒரு பட்டன் வெச்சுத் தரவா?" என்று கேட்டு, மேலே மெனுவுக்குப் பக்கத்தில் ஒன்றை இழுத்துப் போட்டார். மஞ்சள் நிறத்தில் வட்டமாக, சிரிக்கிற முகம். நான் அதைத் தொட்டேன். பூட்டு திறந்தது, தப்பெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்று தலையைக் கொடுத்தது, முடிந்ததும் பூட்டிக்கொண்டது. நான் சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். காலேஜ் போகிற பெண் இருக்கிறவள் செய்கிற காரியமா அது? சேலத்துப் பெண் இன்னொரு சுற்று சுற்றிவிட்டாள்.

வீட்டுக்குப் போயும் வாய் ஓயவில்லை. அவர் தட்டில் சோறு போட்டுவிட்டு மேக்ரோ என்றேன், ரசம் ஊற்றும்போது மேக்ரோ என்றேன்.

"அது இன்னாடி, பேக்கரில தேங்கா போட்டு விப்பானே, அதுவா?"

"அது மேக்ரூன். இது மேக்ரோ. நான் ஒருவாட்டி செஞ்சு காட்டினா அது அப்படியே செய்யும்."

"அப்போ ஒருவாட்டி பாத்திரம் தேச்சுக் காட்டு" என்றார். கையில் இருந்த கரண்டியை ஓங்கினேன். அவர் தட்டோடு எழுந்து கூடத்துக்கு ஓடினார்.

சில வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. மேனேஜர் சிவப்புப் பேனாவை எடுக்கவே இல்லை. ஸ்பெல்லிங் பெட்டி ஏரியா பெயர்களிலும் வந்து நிற்கும். பூட்டைத் திறந்துவிட்டதால் எல்லாக் கட்டமும் அதன் கண்ணுக்குத் தெரியுமே. நான் 'விட்டுவிடு' என்ற பட்டனைத் தட்டித் தட்டித் தாண்டிப் போவேன். கை பழகிவிட்டதால் இதைச் சேலத்துப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஆம்பூரில் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. ஒருநாள் லீவு போட்டேன். மறுநாள் காலை ஆபீசுக்குள் நுழையும்போதே டிரைவர்கள் கும்பலாக நின்று ஒரு காகிதத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் எதிர்வீட்டு அண்ணன்.

"வாம்மா வா. இன்னாம்மா, நம்ம அல்சூரையே அல்சர் ஆக்கிட்டீங்க? காலைலேருந்து அல்சர்ல ரெண்டு பேரை ஏத்திக்கினு வரேன். பாவம், பாத்தா நல்லாத்தான் கீறாங்க."

காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அல்சூர் இருந்த இடத்தில் எல்லாம் வயிற்றுப்புண். பேகூர் ரூட்டுக்குப் பெக்கர் ரூட் என்று போட்டிருந்தது. பிச்சைக்காரர் ரூட்டில் போகிறவர்களில் ஒருவர் டீம் லீடர். பீன்யா ஏதோ ஒரு பூவாக மாறியிருந்தது. ஹெப்பால் என்பது ஹெர்பல் ஆகியிருந்தது.

சேலத்துப் பெண் மேஜையில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். "பெட்டி வந்துக்கிட்டே இருந்துச்சுக்கா. ஒவ்வொண்ணுக்கும் 'எல்லாத்தையும் மாத்து'ன்னு குடுத்துட்டேன். அதுக்குத்தானே வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். எங்க ஈஜிபுராவை மட்டும் அதால ஒண்ணும் பண்ண முடியல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்லவேளை, பழைய டிரைவர்கள் யாரும் காகிதத்தைப் பார்த்து வண்டி ஓட்டுவதில்லை, எல்லோரையும் சரியாக ஏற்றி வந்துவிட்டார்கள் என்று மூச்சுவிடப் போனேன். அப்போது போன் அடித்தது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து சேர்ந்த புது டிரைவர், ஏதோ ஒரு காயின் போனிலிருந்து.

"மேடம், ஹெர்பல் வந்துட்டேன். ரொம்ப நேரமா நிக்கிறேன், யாரும் வரல."

"எங்கய்யா இருக்கே?"

"நீங்க போட்ட எடத்துலதான் மேடம். விசாரிச்சு விசாரிச்சு வந்தேன். மூலிகை எண்ணெய்க் கடை. கடைக்காரர் இப்பத்தான் தொறந்தாரு. நம்ம ஸ்டாஃப் யாரும் இங்க இல்லைங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. ரிசீவரைச் சேலத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கேட்டுவிட்டு, அழுத முகத்தோடேயே சிரிக்க ஆரம்பித்தாள். ஹெப்பாலில் காத்திருந்த பையனைப் பக்கத்து ரூட் வண்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. புது டிரைவர் ரொம்ப நேரம் நின்றதற்காகக் கடைக்காரரிடம் ஒரு தலைவலித் தைலம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதை என் மேஜைமேல் வைத்து, "உங்களுக்குத் தேவைப்படும் மேடம்" என்றார்.

பிறகு மேனேஜர் கூப்பிட்டார். சிரிப்பெல்லாம் வயிற்றுக்குள் போய்விட்டது. முதல் வேலை, இத்தனை சீக்கிரம் போகப்போகிறது, வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, அந்த டிபன் பாக்ஸை என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன். அவர் காகிதத்தை மேலிருந்து கீழே படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வரியில் விரல் நின்றது.

"அம்மா, எங்க மனை, எங்க வீடு, எங்க இருக்கு தெரியுமா?"

"தெரியாது சார்."

"ஹெப்பால். பத்து வருஷமா ஹெப்பால்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றவர் காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறார் என்றே நினைத்தேன். காகிதத்தை இறக்கியபோது கண்ணில் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. "ஹெண்டத்திக்குச் சொல்லணும், நாம ஹெர்பல்ல இருக்கோம்னு." மனைவியைச் சொல்கிறார். போன் எடுத்து அப்போதே சொல்லவும் செய்தார். மறுமுனையில் அந்த அம்மா சிரிப்பது எனக்கே கேட்டது.

போனை வைத்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா இன்னொரு தடவை ஆகக் கூடாது, ஆய்த்தா, சரியா?" என்றார். ஆய்த்து என்றேன்.

சிஸ்டம்ஸ் ஆள்தான் வழி சொன்னார். பெட்டியில் 'சேர்' என்று இன்னொரு பட்டன் உண்டு. அதைத் தட்டினால் அந்த வார்த்தையை அகராதியில் ஏற்றிக்கொள்ளும், பிறகு எப்போதும் தப்பென்று சொல்லாது. இவ்வளவுதானா என்று நானும் அவளும் உட்கார்ந்தோம். முதல் பெயரிலேயே மாட்டிக்கொண்டோம். கோரமங்களாவில் எத்தனை 'ஏ'? அவள் பஸ் போர்டில் ஒரு விதமாகப் பார்த்திருக்கிறாள், எங்கள் பழைய ஷீட்டில் இன்னொரு விதம். தப்பாக ஏற்றிவிட்டால் காலத்துக்கும் தப்பே சரியாகிவிடும். மேனேஜரைக் கேட்டால், "போர்டைப் பார்த்து எழுதுங்க" என்றார்.

அதை வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் அன்றைக்கு ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரைத் துடைத்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"எங்க?"

"போர்டு பாக்கத்தான். ஏறு."

பெங்களூருக்கு வாழவந்து அத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரிந்தது ஜோகுபாளையம், அல்சூர் மார்க்கெட், சிவாஜிநகர், மகள் படித்த பள்ளிக்கூடம். அவருக்குத் தெரிந்தது பீன்யா போகிற வழி. மகள் மாடியிலிருந்து, "ரெண்டு பேரும் எங்க போறீங்க?" என்று கத்தியதைக் காதில் வாங்காமல் கிளம்பினோம். வெயில் இல்லை. ஏரிக்கரையில் காற்று புடவையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் ஒவ்வொரு போர்டுக்கும் வண்டியை நிறுத்தினார். பல் டாக்டர் போர்டில் அல்சூருக்கு இரண்டு 'ஓ'. பக்கத்து மளிகைக்கடையில் ஒரு 'யூ'. அதற்கும் பக்கத்தில் பேங்க் போர்டில் ஹலசூரு.

"எதுடி சரி?"

"பேங்க்காரன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நம்ம டிரைவருங்க ஹலசூரைத் தேடிக்கினு இன்னொரு எண்ணெய்க் கடைக்குப் போனா?" என்றார். மூன்றையும் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

மறந்துவிடுமே என்று நான் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் கூடவே சொன்னார். ஹெப்பாலுக்கு எச், ஈ, பி, பி என்று இருவரும் கோரஸாகக் கத்திக்கொண்டு போனதைப் பார்த்து சிக்னலில் நின்ற போலீஸ்காரர் தொப்பியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஹெப்பாலில் மேனேஜர் வீடு எதுவாக இருக்கும் என்று ஊகித்தோம். ஒரு வீட்டு கேட்டில் நாய்க்குட்டி குரைத்தது. நான் மெதுவாகப் பாஸ்வேர்டைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அது வாலை ஆட்டியது. எந்த நாய்க்குட்டிதான் ஆட்டாது, ஆனாலும் இருவரும் பயந்து ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு பறந்தோம்.

மல்லேஸ்வரத்தில் ஓர் ஓட்டலில் நின்றபடியே காராபாத்தும் கேசரிபாத்தும் சாப்பிட்டோம். அவர் தன் கேசரியில் இருந்த முந்திரியைப் பொறுக்கி என் தட்டில் வைத்தார். எதிரில் காலேஜ் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. "எடுங்க, பாக்கறாங்க" என்றேன். "பாக்கட்டும். கட்டின பொண்டாட்டிதானே" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு காரணமும் இல்லாமல் சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த ஞாயிறு பேகூர் பக்கம் போனோம். அதற்கடுத்த ஞாயிறு போர்டு எதுவும் பாக்கியில்லை, ஆனாலும் போனோம்.

ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஏறிவிட்டன. மஞ்சள் பொத்தான் இப்போது 'வெஹிக்கிள்' மாதிரி நிஜமான தப்புக்கு மட்டும்தான் நின்றது. ஆனால் டிரைவர்கள் பழையபடி ஆகவில்லை. அல்சர் ட்ரிப் எடுத்தாச்சா, ஹெர்பல் யாருக்கு என்றுதான் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிச்சைக்காரர் ரூட் டீம் லீடர் மட்டும் வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதற்குள் வீட்டுக்காரர் என் பெருமையைப் பீன்யா முழுக்கப் பரப்பியிருந்தார். அவருடைய ஃபேக்டரியில் வால்வு பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் செக்ஷன் அவருடையது. அளவெடுத்த ரிப்போர்ட் எக்செல்லில் வெளியூர் கஸ்டமருக்குப் போகும். அங்கேயும் ஷீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள், அங்கேயும் ஸ்பெல்லிங் வேலை செய்யவில்லை. சூப்பர்வைசர் அதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, "நம்ம ஊட்ல சொன்னா ஒரு பட்டன் போட்டுக் குடுப்பாங்க சார்" என்று இவர் சொல்லிவிட்டார்.

"என்னைக் கேக்காம எப்படிங்க சொன்னீங்க?"

"நீதானே ஒருவாட்டி செஞ்சா அது அப்படியே செய்யும்னே?"

எனக்கு லீவு இருந்த ஒரு சனிக்கிழமை அவரோடு போனேன். கேட்டில் செக்யூரிட்டி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். உள்ளே எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த வாசனை. அதே வாசனையைத்தான் இத்தனை வருஷம் அவர் சட்டையில் துவைத்துக்கொண்டிருந்தேன், அது எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் பார்த்தேன். இன்ஸ்பெக்ஷன் ரூமில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், தூசி படாமல் துண்டு போர்த்தியிருந்தது. சூப்பர்வைசர் துண்டை எடுத்தார். கேன்டீனிலிருந்து டீயும் மசால்வடையும் வந்தன. வீட்டுக்காரருடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக ஏதோ அளக்கும் கேஜ் எடுக்க வருகிற மாதிரி வந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள். எல்லோரும் அண்ணி என்றார்கள்.

நான் ரெக்கார்டை அமுக்கினேன். திறந்தேன், பார்த்தேன், பூட்டினேன். உள்ளே போய்ப் பாஸ்வேர்ட் வைக்கும் இடத்தைக் காட்டினேன். நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள, சூப்பர்வைசர் அதை அடித்தார். மஞ்சள் முகத்தை மேலே இழுத்துப் போட்டேன்.

"அமுக்குங்க சார்."

"நீங்களே அமுக்குங்கம்மா" என்றார்.

அமுக்கினேன். டயாமீட்டரில் ஒரு எழுத்து குறைவு, திருத்தினேன். சிலிண்டரில் 'எஸ்' இருந்தது, திருத்தினேன். சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொன்றுக்கும், "மாட்டிக்கிச்சு பாரு" என்றார்கள். அப்புறம் பெட்டி இன்ஸ்பெக்டர் என்ற கட்டத்தில் வந்து நின்றது. அங்கே இருந்தது என் வீட்டுக்காரருடைய பெயர்.

எங்கள் பக்கம் புருஷன் பெயரைச் சொல்லுகிற வழக்கமில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளை விட்டுத்தான் சொல்லவைப்பேன். இப்போது அத்தனை ஆண்களுக்கு நடுவில், கட்டம் போட்டு, இது எந்த வார்த்தை, எனக்குத் தெரியாதே என்று கம்ப்யூட்டர் என்னைக் கேட்கிறது. கீழே யோசனைகள். முதலாவது ஒரு காய்கறி.

கூட்டாளி ஒருவர் அதைப் படித்துவிட்டார். "டேய், உன்னைக் காய் ஆக்கச் சொல்லுதுடா!"

ரூமே வெடித்துச் சிரித்தது. சூப்பர்வைசர்கூட டீயைச் சிந்திக்கொண்டார். வீட்டுக்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ஏய், மாத்திடாதடி" என்றார். குரலில் பாதி சிரிப்பு, பாதி நிஜமான பயம்.

நான் அம்புக்குறியை 'மாத்து' மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். "மாத்தட்டுமா?"

"வேணாண்டி."

"நல்ல காய்தான். எண்ணெயில வதக்கினா நல்லா இருக்கும்."

"அண்ணி, மாத்துங்க அண்ணி!" என்று சுவரோரம் கூச்சல். முகம் சூடாகி, காது அடைத்து, பதினெட்டு வயதில் பெண் பார்க்க வந்த அன்று தட்டோடு நின்றபோது இருந்த அதே படபடப்பு. அம்புக்குறியை நகர்த்தி 'சேர்' என்பதைத் தட்டினேன். பெட்டி அவர் பெயரை விழுங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிற்று.

யாரோ கை தட்டினார்கள். வீட்டுக்காரர் மசால்வடைத் தட்டை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார், யாருக்கு ஏற்கெனவே கொடுத்தோம் என்றே தெரியாமல் ஒருவருக்கே மூன்று முறை நீட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டார். "உங்கம்மா இன்னிக்கு இன்னா செஞ்சா தெரியுமா? எம் பேரை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா. இனிமே அந்தக் கம்ப்யூட்டர்ல எவனும் என்னைத் தப்புன்னு சொல்ல முடியாது."

"பேரு சொன்னியாம்மா?" என்று மகள் கண்ணை விரித்தாள்.

"சொல்லல. தட்டினேன்" என்றேன்.

அவர் அதற்குள் எதிர்வீட்டு அண்ணனிடம் சொல்ல வாசலுக்குப் போய்விட்டார்.